காகிதத்தைக் கேளுங்கள்: உள்ளாட்சி அலுவலகத்திலிருந்து ஆவணங்களைப் பெறுவது எப்படி?

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நாம் வசிக்கும் தெருவில் பேரூராட்சி ஒரு மழைநீர் வடிகால் கட்டியது. தெருமுனையில் தொடங்கிய வேலை, பாதித் தெருவில் ஒரு மின்கம்பத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. ஐப்பசி மழையில் மீதித் தெரு குளமானது. மக்தபுக்குப் போகும் பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் நடந்தார்கள். ஃபஜ்ருக்குப் பிறகு பால் வாங்கப் போன ஒரு மூதாட்டி வழுக்கி விழுந்து கை எலும்பை முறித்துக்கொண்டார்.

தெருமுனையில் வைத்திருந்த பலகையில் மதிப்பீடு ரூ. 4,80,000 என்று எழுதியிருந்தது. அந்தத் தொகையை வைத்துக்கொண்டு டீக்கடையில் தீர்ப்பு எழுதப்பட்டது. "பாதி வேலை, முழுப் பணம். வார்டு மெம்பர் அடிச்சிட்டார்." அஸர் தொழுகை முடிந்து வெளியே வருபவர்களும் அதையே பேசினார்கள். உண்மையைச் சொன்னால், நாமும் மறுத்துப் பேசவில்லை. தலையாட்டிவிட்டு வந்தோம்.

பிறகு, பேசிக்கொண்டே இருப்பதை விட எழுதிக் கேட்டுவிடலாம் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு அனுப்பினோம். 'வடிகால் ஏன் பாதியில் நிற்கிறது? பணம் எங்கே போனது? இதற்கு யார் பொறுப்பு?' என்று மூன்று கேள்விகள். ஒரு மாதம் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது. நாம் கேட்டவை 'தகவல்' என்ற வரையறைக்குள் வராதவையாம்.

கோபத்தோடு அந்தக் கடிதத்தை வீட்டில் காட்டினோம். கல்லூரியில் படிக்கும் மகள் நம் மனுவின் நகலை வாங்கிப் படித்துவிட்டுச் சொன்னாள்: "அத்தா, நீங்க கேள்வி கேட்டிருக்கீங்க. பேப்பரைக் கேட்கவே இல்லையே."

இந்தக் கட்டுரை முழுவதும் அவள் சொன்ன அந்த ஒரு விஷயத்தைப் பற்றியதுதான்.

சட்டம் எங்கிருந்து வந்தது?

இந்தச் சட்டத்தைப் படித்தவர்கள் மட்டும் கேட்டு வாங்கவில்லை. ராஜஸ்தானில் மண் வெட்டிய கூலித் தொழிலாளர்கள் கேட்டு வாங்கிய சட்டம் இது. அரசுப் பணிகளில் வேலை செய்தவர்களுக்குச் சட்டப்படி உள்ள கூலி முழுதாகக் கிடைக்கவில்லை. கேட்டால், வருகைப் பட்டியலில் இவ்வளவுதான் பதிவாகியிருக்கிறது என்றார்கள். பட்டியலைக் காட்டுங்கள் என்றால், அது அரசு ரகசியம் என்றார்கள்.

மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் மக்கள் விசாரணை ஒன்றை நடத்தியது. பஞ்சாயத்துப் பணிகளின் ஆவணங்கள் மக்கள் முன்னால் வாசிக்கப்பட்டன. இத்தகைய விசாரணைகளில், வேலைக்கே வராதவர்கள் பெயரில் கூலி எழுதப்பட்டிருப்பதும் கட்டி முடிக்காத கட்டடம் முடிந்ததாகக் காட்டப்பட்டிருப்பதும் வெளியே வந்தன. 1996-இல் பியாவர் நகரில் 40 நாட்கள் தர்ணா நடந்தது. 'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்பதே அவர்கள் முழக்கம்.

தமிழ்நாட்டில் 1997-இலேயே ஒரு தகவல் உரிமைச் சட்டம் வந்தது. நாடு முழுவதற்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி ஆகிய நான்கும் இதற்குக் கட்டுப்பட்டவை.

எழுதி வைப்பதன் அருமை நமக்குப் புதிதல்ல. குர்ஆனின் மிக நீளமான வசனமே (2:282) கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைத்துக்கொள்வது பற்றியதுதான். இருவருக்கிடையே உள்ள கடனுக்கே அப்படியென்றால், ஊர்ப் பணம் எத்தனை பெரிய அமானிதம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தகவல் என்றால் என்ன?

பெரும்பாலான மனுக்கள் இந்த இடத்தில்தான் தோற்கின்றன.

சட்டத்தின் கண்ணில் தகவல் என்பது அலுவலகத்தின் வசம் ஏற்கனவே இருக்கும் ஆவணம். பதிவேடு, கோப்பு, கடிதம், ஆணை, ஒப்பந்தம், வரைபடம், கணினியில் உள்ள தரவு ஆகிய எல்லாம் அதில் அடங்கும். அதிகாரி நமக்காகப் புதிதாக ஒரு விளக்கத்தை எழுதித் தர வேண்டியதில்லை. ஆவணத்தில் இல்லாத காரணத்தையோ கருத்தையோ சொல்ல வேண்டியதும் இல்லை. உச்ச நீதிமன்றம் 2011-இல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

எனவே 'ஏன்', 'எப்போது செய்வீர்கள்', 'இது நியாயமா' என்று கேட்டால் மனுவைத் தள்ளிவிட வழி செய்து கொடுக்கிறோம். அதே விஷயத்தை ஆவணமாகக் கேட்டால் தள்ள முடியாது. 'ஏன் பாதியில் நிற்கிறது' என்பதற்குப் பதிலாக 'அந்தப் பணி தொடர்பான மன்றத் தீர்மானங்களின் நகல்' என்று கேளுங்கள். காரணம் அந்தத் தீர்மானத்திலேயே எழுதியிருக்கும்.

நகல் மட்டுமல்ல, கோப்பை நேரில் பார்வையிடவும் குறிப்பெடுக்கவும் சட்டம் உரிமை தருகிறது. நடக்கும் பணியையே ஆய்வு செய்யலாம். பயன்படுத்திய பொருளின் மாதிரியைக்கூடச் சான்றளித்துக் கேட்கலாம்.

எந்த வேலைக்கு எந்தக் காகிதம்?

அலுவலகத்தில் எந்த ஆவணம் இருக்கும் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

சாலை, வடிகால், சிறு பாலம் போன்ற பணி என்றால் ஐந்து காகிதங்களைக் கேளுங்கள். ஒன்று, மன்றத் தீர்மானம். இரண்டு, மதிப்பீடு. எவ்வளவு நீளம், அகலம், ஆழம், என்ன கலவை என்பது இதில் இருக்கும். மூன்று, பணி ஆணை. ஒப்பந்ததாரர் யார், எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்பது தெரியும். நான்கு, அளவீட்டுப் புத்தகம். அலுவலகத்தில் 'எம்-புக்' என்பார்கள். பொறியாளர் வேலை நடந்த இடத்தில் அளந்து எழுதும் புத்தகம் இது. ஐந்து, பட்டியல் தொகை வழங்கிய விவரம்.

இவற்றில் எம்-புக் மிக முக்கியமானது. அதில் எழுதியிருக்கும் அளவை ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் நீங்களே தெருவில் சரிபார்க்கலாம். அதற்குப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை.

தெருவிளக்கு என்றால் பராமரிப்பு ஒப்பந்தமும் வாங்கிய பொருட்களின் இருப்புப் பதிவேடும். குடிநீர் என்றால் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையும் மேல்நிலைத் தொட்டி சுத்தம் செய்த பதிவேடும். குப்பை என்றால் தூய்மைப் பணி ஒப்பந்தமும் வருகைப் பதிவேடும். நீங்கள் கொடுத்த மனு என்ன ஆனது என்று தெரிய வேண்டுமானால், அந்த மனு மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைக் குறிப்புகளின் நகலைக் கேட்கலாம்.

ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பிறப்பு, இறப்புச் சான்றிதழுக்கு இந்தச் சட்டம் தேவையில்லை. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி உரிய கட்டணம் செலுத்தி அந்தப் பதிவாளரிடமே நேரடியாக வாங்கலாம். அங்கே மனு கொடுத்தும் பல மாதங்களாகப் பதில் இல்லையென்றால் மட்டும், 'என் மனுவின் மீது எடுத்த நடவடிக்கை' என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஒரே பெயர் பீவி என்றும் பீ என்றும் பேகம் என்றும் பல விதமாக எழுதப்பட்டிருக்கும் நம் குடும்பங்களில், இந்தச் சான்றிதழ்களை அவசரம் வருவதற்கு முன்பே எடுத்துச் சரிபார்த்து வைப்பது நல்லது.

மனு எழுதுவது எப்படி?

தனிப் படிவம் இல்லாமல் வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுதலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அலுவலர் காரணம் கேட்கவும் கூடாது. தொடர்பு கொள்வதற்கான விவரங்களைத் தவிர வேறு எதையும் உங்களிடம் கேட்க முடியாது.

தமிழ்நாட்டில் மனுக் கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லையை, அதாவது கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்பை, மனுவில் ஒட்டிவிட்டால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் சான்று இணைத்தால் கட்டணம் கிடையாது.

இந்த உரிமையைச் சட்டம் குடிமக்களுக்குத் தந்திருக்கிறது, அமைப்புகளுக்கு அல்ல. எனவே ஜமாஅத் அல்லது சங்கத்தின் லெட்டர் பேடில் அனுப்பாதீர்கள். நிர்வாகிகளில் ஒருவர் தம் சொந்தப் பெயரில், குடிமகன் என்ற முறையில் அனுப்பட்டும். பெண்களும் தாராளமாக அனுப்பலாம். குடிதண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை நாள் வரவில்லை என்பது அவர்களுக்குத்தானே நன்றாகத் தெரியும்.

மகளின் உதவியோடு நாம் எழுதிய இரண்டாவது மனு ஏறத்தாழ இப்படி இருந்தது:

"பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், பேரூராட்சி அலுவலகம்.

பொருள்: தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-இன் கீழ் ஆவண நகல்கள் கோருதல்.

எங்கள் வார்டில் இன்ன தெருவில் இன்ன நிதியாண்டில் மேற்கொள்ளப்பட்ட மழைநீர் வடிகால் பணி தொடர்பாகக் கீழ்க்கண்ட ஆவணங்களின் சான்றளிக்கப்பட்ட நகல்களை வழங்க வேண்டுகிறேன்.

1. இப்பணி தொடர்பான அனைத்து மன்றத் தீர்மானங்கள்.
2. அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீடு மற்றும் வரைபடம்.
3. பணி ஆணை.
4. அளவீட்டுப் புத்தகத்தில் இப்பணிக்கான பக்கங்கள்.
5. ஒப்பந்ததாரருக்குத் தொகை வழங்கிய பட்டியல்.

நான் இந்தியக் குடிமகன். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டப்பட்டுள்ளது. நகல் கட்டணத்தைச் செலுத்தச் சம்மதிக்கிறேன். கோரிய தகவல் வேறு அலுவலகத்துக்கு உரியது எனில் பிரிவு 6(3)-இன்படி அங்கு மாற்றி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இவ்வளவுதான். தெரு, வார்டு, நிதியாண்டு மூன்றையும் தெளிவாகக் குறிப்பிடுங்கள். 'கடந்த பத்தாண்டுகளில் நடந்த எல்லாப் பணிகளும்' என்று கேட்டால் நமக்கும் பயனில்லை, அலுவலகத்துக்கும் சுமை. மனுவின் நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். நேரில் கொடுத்தால் அந்த நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். தபாலில் அனுப்பினால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பதில் வராவிட்டால்?

மனு கிடைத்த 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரத்துக்குள். வேறு அலுவலகத்துக்கு மாற்ற வேண்டியிருந்தால் ஐந்து நாட்களுக்குள் மாற்ற வேண்டும்.

நகல் கட்டணம் பக்கத்துக்கு 2 ரூபாய். எத்தனை பக்கம், எவ்வளவு தொகை என்று முதலில் கடிதம் வரும். அந்தக் கடிதம் அனுப்பிய நாளிலிருந்து நாம் பணம் கட்டும் நாள் வரை 30 நாள் கணக்கில் சேராது. ஆகவே உடனே கட்டிவிடுங்கள். சட்டம் சொல்லும் காலக்கெடுவைத் தாண்டித் தகவல் தந்தால், அந்த நகல்களை இலவசமாகவே தர வேண்டும்.

30 நாட்களில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியாக இல்லை என்றால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். பொதுத் தகவல் அலுவலரை விட உயர்ந்த நிலையில் உள்ள அதிகாரியிடம் இது போகும். அவர் 30 நாட்களுக்குள், தவிர்க்க முடியாவிட்டால் 45 நாட்களுக்குள், முடிவு சொல்ல வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால் 90 நாட்களுக்குள் சென்னையில் உள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு அனுப்பலாம். வக்கீல் தேவையில்லை.

தகுந்த காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாள் ஒன்றுக்கு 250 ரூபாய் வீதம், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை ஆணையம் அபராதம் விதிக்க முடியும். அந்தத் தொகையை அவர் தம் கையிலிருந்து கட்ட வேண்டும். ஆனால் ஆணையத்தில் முறை வர மாதக்கணக்கில் ஆகலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். முதல் மனுவைச் சரியாக எழுதுவதற்கு இவ்வளவு அழுத்தம் கொடுப்பது இதனால்தான்.

எவை கிடைக்காது?

எல்லாமே கிடைத்துவிடாது. பிறருடைய தனிப்பட்ட விவரங்கள், வணிக ரகசியங்கள், நடந்துகொண்டிருக்கும் புலன் விசாரணைக்கு இடையூறு செய்யக்கூடியவை போன்றவற்றுக்குப் பிரிவு 8 விலக்கு அளிக்கிறது. தனிப்பட்ட விவரங்கள் பற்றிய விதி, 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் மூலம் மேலும் இறுக்கப்பட்டிருக்கிறது. ஆயினும், பொதுநலன் பெரிதென்றால் விலக்குள்ள தகவலையும் தரலாம் என்று பிரிவு 8(2) சொல்கிறது. ஓர் ஆவணத்தில் ஒரு பகுதியைத்தான் மறைக்க வேண்டும் என்றால், அதை நீக்கிவிட்டு மற்றதைத் தர வேண்டும்.

நாம் பேணவேண்டிய ஒழுங்கும் இதில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரோடு உள்ள மனத்தாங்கலுக்காக அவர் வீட்டு வரி ரசீதையும் கட்டட அனுமதியையும் தோண்டுவது நமக்கு அழகல்ல. வாங்கிய காகிதத்தைக் காட்டி ஒருவரை மிரட்டுவது ஹராமான சம்பாத்தியம். இந்தச் சட்டத்தின் பெயரைக் கெடுத்தவர்களில் அப்படிப்பட்டவர்களும் உண்டு.

பயமும் நியாயமானதுதான். தகவல் கேட்டதற்காகத் தாக்கப்பட்டவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். அதனால் தனியாக ஒருவர் நிற்காமல், ஒரே விஷயத்தைத் தெருவில் நான்கைந்து பேர் தனித்தனி மனுவாகக் கேளுங்கள். கிடைத்த ஆவணத்தின் நகலைப் பல வீடுகளில் வைத்திருங்கள். ஊராட்சியில் வசிப்பவர்கள் கிராம சபையையும் மறந்துவிட வேண்டாம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கூடும் அந்தச் சபையில் வரவு செலவுக் கணக்கை மனுவே இல்லாமல் நேராகக் கேட்கலாம்.

வடிகால் கதை என்ன ஆனது?

இரண்டாவது மனுவுக்கு 26-ஆம் நாள் கடிதம் வந்தது. 23 பக்கங்கள், 46 ரூபாய். கட்டினோம். காகிதங்கள் வந்தன.

எம்-புக்கில் வடிகாலின் நீளம் 62 மீட்டர் என்று இருந்தது. மகளும் தெருப் பையன்கள் இருவரும் டேப் பிடித்து அளந்தார்கள். 62 மீட்டரும் சில சென்டிமீட்டரும் வந்தது. மதிப்பீட்டைப் பார்த்தோம். அதிலும் 62 மீட்டர்தான். பலகையில் இருந்த தொகை முழுத் தெருவுக்கானதே அல்ல. தீர்மானத்தில் காரணமும் இருந்தது. மின்கம்பத்துக்கு அப்பால் குடிநீர்ப் பிரதானக் குழாய் குறுக்கே போகிறது, அதை மாற்றி அமைத்த பிறகே மீதிப் பணியை எடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

யாரும் பணத்தை அடிக்கவில்லை. ஓர் ஆண்டுக்கும் மேலாக ஒரு மனிதரை ஊர் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

மஃரிபுக்குப் பிறகு அந்த வார்டு உறுப்பினரின் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே தீர்மானப் புத்தகத்தைக் காட்டியிருப்பேனே ஹஜ்ரத். ஒருத்தர்கூடக் கேட்கலியே" என்றார். அடுத்த ஜும்ஆவில் தொழுகை முடிந்ததும் அந்தக் காகிதங்களில் இருந்ததை மக்களிடம் எடுத்துச் சொன்னோம்.

இப்போது நம் தெருவினர் கொடுக்கும் மனுவில் 'பாதியில் விட்டுவிட்டார்கள்' என்ற புலம்பல் இல்லை. தீர்மான எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, குழாயை மாற்றும் பணி எந்த நிலையில் இருக்கிறது என்ற ஆவணத்தைக் கேட்கிறோம். அந்தப் பணிக்கு மதிப்பீடு தயாராகியிருப்பதாகப் பதில் வந்திருக்கிறது. மீதி வடிகால் இன்னும் கட்டப்படவில்லை. ஆனால் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று நமக்குத் தெரியும், இன்ஷா அல்லாஹ் அது நகரும்.

எல்லா ஊரிலும் ஆவணம் அதிகாரிகளுக்குச் சாதகமாகவே இருக்கும் என்று நாம் சொல்லவில்லை. ராஜஸ்தானில் அது திருட்டைக் காட்டியது. நம் தெருவில் நாம் கட்டிய பழியைக் கலைத்தது. உங்கள் தெருவில் என்ன சொல்லும் என்று 10 ரூபாய் வில்லையை ஒட்டிக் கேட்டுப் பாருங்கள். அதுவரை யாரையும் திருடர் என்றும் சொல்ல வேண்டாம், நல்லவர் என்று விட்டுவிடவும் வேண்டாம்.